‘கரப்ட்’ என்னும் ஆங்கில வினையும் பாலாற்று நீரும்: தண்டனைச் சட்டத்தின் 277ஆம் பிரிவை முன்வைத்து ஒரு சொல்வரலாற்று ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

‘கரப்ட்’ என்னும் ஆங்கில வினை இன்று பெரிதும் கையூட்டுக் குற்றத்தையே குறிக்கிறது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமோ அதனைத் தண்ணீரைக் கெடுத்தல் என்னும் பொருளிலும் ஆண்டுள்ளது. இச்சொல்லின் தோற்றம், பொருள்விரிவு, அதற்கு ஈடாகத் தமிழில் வழங்கும் கெடு, ஊழல், மாசு முதலிய சொற்களின் வரலாறு ஆகியவற்றை, வேலூர் – ஆம்பூர் தோல் தொழிற்பகுதியின் நீர்ச்சிக்கலோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாலாறு, அணைக்கட்டு, தோல் பதனிடுதல், ஊழல், மரூஉ, ஊற்றுக்கால், தண்டனைச் சட்டம் 277.

அணைக்கட்டும் ‘அனிகட்’டும்

வேலூர் மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்று அணைக்கட்டு. ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியே இறங்கிப் பாலாற்றில் கலக்கும் உத்தரகாவேரி நனைக்கும் நிலப்பகுதி இது. அணைக்கட்டு என்பது ஊரின் பெயராக அமைந்ததோடு, ஆங்கில மொழிக்குத் தமிழ் அளித்த சொற்களுள் ஒன்றாகவும் ஆனது. சென்னை மாகாணப் பொறியாளர்களின் அறிக்கைகளில் ‘அனிகட்’ என்று இடம்பெற்று, பின் ஆங்கில அகராதிகளுக்குள்ளும் அது புகுந்தது. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த அணையும் ஆவணங்களில் இப்பெயராலேயே வழங்கப்பெற்றது.

இத்தகைய சொற்களைக் குறிக்கும்போது காலனிய காலத்து அகராதிகளும் மாவட்ட நூல்களும் கையாண்ட வாய்பாடு, இன்ன சொல் இன்ன தமிழ்ச் சொல்லின் ‘கரப்ஷன்’ என்பதாகும். மூலத்தில் இருந்து பிறழ்ந்த வடிவம் கெட்டுப்போன வடிவம் என்னும் மதிப்பீடு அதற்குள் அடங்கியுள்ளது. தமிழிலக்கண மரபு இதே நிகழ்வை வேறு விதமாகக் காண்கிறது. நன்னூலார் மரூஉ மொழியை இலக்கணமுடையது, இலக்கணப்போலி ஆகியவற்றோடு ஒருங்கு சேர்த்து இயல்பு வழக்கினுள் வைக்கிறார். தஞ்சாவூர் தஞ்சை என்றாவது கேடன்று. மருவுதல் என்பதற்குக் கலத்தல், பழகுதல் என்பனவே பொருள். ஒருவர் பழக்கம் என்று கண்டதை மற்றவர் கேடு என்று கண்டார். கெடுதல் என்பதை இரு மொழிகளும் எங்கெங்கே காண்கின்றன என்னும் வினாவுக்கு இதுவே தொடக்கப் புள்ளியாக அமைகிறது.

சொல்லின் பிறப்பு

இலத்தீனில் ‘ரும்பெரெ’ என்றால் உடைத்தல். முழுமையைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து அது ‘கொர்ரும்பெரெ’ ஆயிற்று. முற்ற உடைத்தல், சிதைத்தல் என்பது அடிப்படைப் பொருள். எரிமலை வெடிப்பைக் குறிக்கும் ‘இரப்ட்’, குறுக்கிடுதலைக் குறிக்கும் ‘இன்டரப்ட்’, பிளவைக் குறிக்கும் ‘ரப்ச்சர்’ ஆகியன இதே வேரின் கிளைகள். உணவு அழுகுவதையும், உடல் நோயுறுவதையும், ஒருவரை நெறிதவறச் செய்வதையும், நடுவரைப் பொருள் கொடுத்து வளைப்பதையும் இலத்தீன் எழுத்தாளர்கள் இவ்வொரு வினையாலேயே குறித்தனர். ஆதலின், பொருட்கேட்டைச் சுட்டிய சொல் காலப்போக்கில் ஒழுக்கக்கேட்டைச் சுட்டுவதாக ஆங்கிலத்தில் விரிந்தது எனப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம் முழுதும் சரியன்று. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தபோதே இச்சொல் இரு பொருளையும் சுமந்துதான் வந்தது. பின்னர் நிகழ்ந்தது ஒன்றன் தேய்வே.

இடைக்கால ஐரோப்பிய மெய்யியலில் இச்சொல்லுக்குக் குற்றம் சாராத ஒரு பொருளும் இருந்தது. தோற்றமும் அழிவும் பற்றிய அரிஸ்டாட்டிலின் நூலுக்கு வழங்கிய இலத்தீன் பெயரில் ‘கொர்ருப்தியோ’ என்பது இயற்கை அழிவு மட்டுமே. விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இந்நிழல் உண்டு. ஆங்கிலம் ‘கரப்ஷன்’ என்னும் பல இடங்களில் தமிழ் விவிலியம் ‘அழிவு’ என்கிறது. பூச்சியும் துருவும் செல்வத்தைச் சிதைப்பதைக் கூறும் மத்தேயு நற்செய்திப் பகுதியில் 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘கரப்ட்’ என்னும் வினையை ஆள, தமிழ் மொழிபெயர்ப்பு ‘கெடு’ என்னும் வினையைத் தேர்ந்துள்ளது. கையூட்டுக்கோ அதே தமிழ் விவிலியத்தில் ‘பரிதானம்’ என்னும் தனிச்சொல் உண்டு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கியதைத் தமிழ் மூன்றாகப் பகிர்ந்துகொண்டது எனலாம்.

இங்கிலாந்தின் பழஞ்சட்டத்தில் இவ்வினைக்கு விந்தையான ஓர் ஆட்சியும் இருந்தது. அரசதுரோகக் குற்றத்திற்கு உள்ளானவரின் ‘குருதி கெட்டது’ எனக் கொண்டு, அவர்வழி எவரும் சொத்துரிமை பெறவியலாது எனத் தடுத்தனர். ஒருவர் செய்த குற்றம் பிறப்பின்வழித் தொடரும் என்னும் இக்கருத்தை இங்கிலாந்து 1870ஆம் ஆண்டுச் சட்டத்தால் கைவிட்டது.

277ஆம் பிரிவில் ‘கரப்ட்’

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் அளித்த வரைவிலிருந்து உருவாகி, 1860இல் நிறைவேறி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது இந்தியத் தண்டனைச் சட்டம். பொதுநலம், பாதுகாப்பு முதலியன பற்றிய அதன் பதினான்காம் இயலில் 277ஆம் பிரிவு உள்ளது. பொது ஊற்று அல்லது நீர்த்தேக்கத்தின் நீரைத் தன்னிச்சையாகக் கெடுத்து, அது வழக்கமாகப் பயன்படும் நோக்கத்திற்குத் தகுதி குறையச் செய்பவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ, ஐந்நூறு ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்பது அதன் சாரம். ‘கெடுத்து’ என இங்குச் சுருக்கிய இடத்தில் ஆங்கில மூலம் இரு வினைகளை ஆள்கிறது: ‘கரப்ட்’, ‘ஃபவுல்’.

இந்த இணைப்பு ஆங்கிலச் சட்டநடையின் பழைய வழக்கம். பிரெஞ்சு – இலத்தீன் வழிவந்த சொல் ஒன்றையும் அதற்கு நிகரான நாட்டுச் சொல் ஒன்றையும் அடுத்தடுத்து வைப்பது இதன் இயல்பு. ‘ஃபவுல்’ என்பது செருமானியக் கிளையின் சொல். அழுகுதலைக் குறிக்கும் மிகப் பழைய வேரிலிருந்து பிறந்தது. துர்நாற்றத்தைக் குறிக்கும் வடமொழிப் ‘பூதி’யும் அவ்வேரினதே. ஆக, ஒரு சொல் உடைப்பையும் மற்றது அழுகலையும் தந்து நீரின் கேட்டை முழுமையாக்குகின்றன. அடுத்துள்ள 278ஆம் பிரிவு காற்றைப் பேசும்போது இவ்விரண்டையும் விட்டுக் குறையைக் குறிக்கும் ‘விஷியேட்’ என்னும் வேறோர் இலத்தீன் வினைக்குச் செல்வது கவனிக்கத்தக்கது.

அதே சட்டத்தின் 162ஆம் பிரிவு, பொது ஊழியரைக் ‘கரப்ட்’ ஆன வழியில் வயப்படுத்துவதற்காகப் பொருள் பெறுதலைப் பேசுகிறது. 219, 220ஆம் பிரிவுகளில் நீதி வழங்கும் ஊழியரின் நேர்மையற்ற செயல் இதே சொல்லின் வினையடையால் சுட்டப்படுகிறது. 1860இல் நீரும் நீதியும் ஒரே வினைக்குக் கீழ் நின்றன. பிறகு வந்த சட்டங்கள் அவற்றைப் பிரித்தன. 1947ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டமும், தண்டனைச் சட்டத்தின் 161 முதல் 165ஏ வரையுள்ள பிரிவுகளை நீக்கிய 1988ஆம் ஆண்டுச் சட்டமும் ‘கரப்ஷ’னைப் பொது ஊழியரின் குற்றத்துக்கே உரியதாக்கின. (பெயரில் தாங்கிய அச்சொல்லை 1988ஆம் ஆண்டுச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை.) நீருக்கு 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம் ‘பொல்யூட்’ என்னும் வினையை அளித்தது. இது சேற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது. சமயத் தூய்மையைக் குலைத்தல் என்பதே ஆங்கிலத்தில் இதன் பழம்பொருள்.

இவ்விடத்தில் ஒரு சமூக வரலாறு குறுக்கிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாவட்ட நூல்களிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலும் தமிழகம் பற்றி எழுதும்போது ‘பொல்யூஷன்’ என்றால் அது பெரும்பாலும் தீட்டு. இறந்த விலங்கின் தோலைத் தொடுபவர் மீது சாதிச் சமூகம் சுமத்திய தீட்டு அது. தோல் ஊறிய நீர் ஆற்றில் கலப்பதைக் குறிக்க அச்சொல் பொதுவழக்கானது இருபதாம் நூற்றாண்டில்தான். தொழிலாளியின் உடலைச் சுட்டிய சொல், அவர் வேலைசெய்த ஆலையின் கழிவைச் சுட்டத் தொடங்குவதற்கு நெடுங்காலம் பிடித்தது. குருதி கெட்டது என்னும் கொள்கையைத் தன் நாட்டில் விலக்கிய ஆட்சி, பிறப்பால் வரும் தீட்டை இங்கு ஒரு வழக்காறாகப் பதிவு செய்து நகர்ந்தது.

ஊற்றா, ஆறா?

277ஆம் பிரிவு ‘பொது ஊற்று’, ‘நீர்த்தேக்கம்’ என்னும் இரண்டை மட்டுமே பெயர் சொல்கிறது. ஆறு அதில் இல்லை. 1880களின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றம், ஆற்றுப்படுகையில் தொடர்ந்து ஓடும் நீர் ‘பொது ஊற்று’ என்பதனுள் அடங்காது எனக் கொண்டது. சொல்லை நேர்ப்பொருளில் கொண்டால் இம்முடிவில் பிழை காண்பதற்கில்லை. தேம்ஸ் போன்ற ஆற்றை மனத்திற்கொண்டு படிப்பவர்க்கு ஊற்றும் ஆறும் இருவேறு பொருள்களே.

பாலாறு அத்தகைய ஆறன்று. கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை, காஞ்சிபுரம் வழியாகச் சென்று வயலூர் அருகே கடலில் சேரும் இதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் மேலே காண்பது வெண்மணலே. நீர் மணலுக்கடியில் நகர்கிறது. படுகையில் குழி தோண்டி ஊற்றுநீர் எடுப்பது கரையோர ஊர்களின் வழக்கம். பாசனமும் அவ்வாறே: மணற்படுகையில் நீளவாட்டில் கால் வெட்டி, சுரக்கும் நீரை வயல்களுக்கும் ஏரிகளுக்கும் கொண்டுசெல்லும் ஊற்றுக்கால்கள் இப்பகுதியின் தனிச்சிறப்பு. வருவாய்த்துறையின் ஆங்கில ஆவணங்களே இவற்றை ‘ஸ்பிரிங் சேனல்’ என்று குறித்தன. 277ஆம் பிரிவு ஆளும் சொல்லும் அதே ‘ஸ்பிரிங்’. வருவாய் கணக்கிட்ட அலுவலர்க்கு ஊற்றாகத் தெரிந்த பாலாறு, சட்டச் சொல்லின் அளவுகோலில் ஊற்றாகவில்லை. ஓடாத ஆற்றை ஓடும் ஆறாகக் கொள்ளும் ஒரு பொதுமையாக்கம், இந்நிலப்பகுதியின் நீருக்கு இருந்த ஒரே பழைய தண்டனைப் பாதுகாப்பையும் தளர்த்திவிட்டது எனக் கருத இடமுண்டு.

2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 279ஆம் பிரிவு, சிறையை ஆறு மாதமாகவும் தண்டத்தை ஐயாயிரம் ரூபாயாகவும் உயர்த்தியுள்ளது. ஊற்றும் நீர்த்தேக்கமும் அப்படியே உள்ளன. ‘கரப்ட்’, ‘ஃபவுல்’ என்னும் வினையிணையும் அப்படியே உள்ளது.

பதனும் கேடும்

தோல் பதனிடுதல் என்பதே கெடாமல் காக்கும் தொழில். பதன் என்பது பக்குவம். பதனழிந்தது என்றால் கெட்டது. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதனைத் தடுக்கத் தோலின் எடையில் மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை உப்பு இடப்படுகிறது. பின் ஆலையில் அவ்வுப்பு முழுவதும் கழுவி நீக்கப்பட வேண்டும். அழுகலைத் தடுத்த உப்பே கழிவுநீரில் கரைந்து நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. கரைந்த உப்பைப் பிரித்தெடுப்பது இன்றளவும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் கடினமான பணி. குரோமியத்தை வீழ்படிவாக்குவதினும் இது செலவு மிக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியின் தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடப்பட்டு, ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. குரோமிய உப்பால் பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னையில் அரசுச் செலவில் சோதித்துப் பார்த்தார். ஆயினும் அது தோல் தொழிற்பகுதியெங்கும் பரவக் காரணமானது எழுபதுகளின் வணிகக் கொள்கையே. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. முழுமையாக்கப்பட்ட தோலும் காலணியும் ஊக்கம் பெற்றன. அந்நியச் செலாவணி நோக்கில் அது வெற்றி. ஐரோப்பிய நாடுகள் தம் ஆறுகளினின்று அகற்ற விரும்பிய ஈரவேலைகள் பாலாற்றங்கரைக்கு வந்து சேர்ந்ததும் அதே வெற்றியின் பகுதிதான். வேதிப்பொருள் உற்பத்தியின் சுமை வேறு: இராணிப்பேட்டையில் தொண்ணூறுகளின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியல் ஒன்றரை இலட்சம் டன்னுக்குக் குறையாதது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டைச் சிப்காட் பகுதியில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர் உறக்கத்திலேயே இறந்தனர். உடைத்தல் என்னும் வேர்ப்பொருளை நினைவூட்டும் நிகழ்வு எனச் சொல்லாராய்ச்சியோடு நிறுத்திவிடக் கூடியதன்று அது.

கெடுதலும் கெடுத்தலும்

தமிழில் ஊழல் என்பதன் வேர் ஊழ். முதிர்தல், மலர்தல், உதிர்தல், பதனழிதல் எனப் பருவத்தின் எல்லாப் படிகளையும் தழுவும் வினை அது. திருக்குறளின் சொல்வன்மை அதிகாரத்தில் அது பூ மலர்தலைக் குறிக்கிறது. ஊழல் என்பதற்குப் பழைய அகராதிகள் தரும் பொருள் அழுகல், கெட்டுப்போனது என்பதே; பொதுப்பணத்தைச் சுரண்டுதல் என்பது இருபதாம் நூற்றாண்டு ஏற்றிய பொருள். இலத்தீன் சொல் வெளியிலிருந்து விழும் அடியைக் காண, தமிழ்ச் சொல் உள்ளிருந்து வரும் முதிர்வைக் காண்கிறது. உடைப்புக்கு உடைத்தவன் வேண்டும். ஊழ்ப்பதற்குக் காலம் போதும்.

கெடு என்னும் வினையில் இவ்வேறுபாடு இலக்கணமாகவே நிற்கிறது: கெடுதல் தன்வினை, கெடுத்தல் பிறவினை. திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரம் மழையைப் பேசும்போது இவ்விரு வடிவங்களையும் ஒரே குறளில் இணைக்கிறது. அங்குக் கெடுப்பதும் பின் எடுப்பதும் மழையே. பாலாற்றங்கரையில் ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்னும் மக்கள் வழக்கு தன்வினை. கெடுத்தவர் அதில் இல்லை. தென்னை காய்க்கவில்லை, கிணறு உவர்த்தது, நெல் பதரானது என நீளும் முறையீடுகளும் எழுவாயாகப் பயிரையும் நீரையுமே கொண்டிருந்தன. வேளாண் நிலமுடையோர் குடும்பத்திலேயே ஒருவர் ஆலையில் கூலி பெறும் ஊர்களில் பிறவினையாகப் பேசுவது எளிதன்று என்பதையும் எண்ண வேண்டும்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் வரலாற்று முதன்மை இங்குப் புலனாகிறது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்தபடி தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டதைக் குறித்துக்கொண்டது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும் பதிவு செய்தது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செலுத்துதல்’, ‘முன்னெச்சரிக்கை’ என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்ததோடு, இழப்பீட்டைக் கணிக்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் ஓர் ஆணையம் அமைக்கவும் பணித்தது. சட்ட ஆய்வாளர்கள் இத்தீர்ப்பைக் கோட்பாட்டுக்காகவே பெரிதும் மேற்கோள் காட்டுகின்றனர். சொல் நோக்கில் காணின், கெட்டது என்பதைக் கெடுத்தார் என மாற்றி எழுதிய ஆவணமாக அது நிற்கிறது.

மாற்றி எழுதுதல் ஒன்று, அதன்படி நடத்தல் மற்றொன்று. சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்றும், பின்னர் 2009 ஆகஸ்டு 24 அன்றும் இழப்பீட்டுத் தீர்வுகளை அளித்தது. முதல் தீர்வுக்கு இருபத்து நான்கு ஆண்டுகள் நெருங்கும் நிலையில், 2025 சனவரி 30 அன்று உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்ட அனைத்துக் குடும்பங்களுக்கும் அத்தொகையைச் செலுத்தி, அதனை மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து மீட்டுக்கொள்ள வேண்டுமென அரசுக்கு ஆணையிட்டது. பாலாற்றின் நிலையைத் தணிக்கை செய்ய ஒரு குழுவையும் அமைக்கச் சொல்லி, வழக்கைத் தொடர் கண்காணிப்பில் வைத்தது. 1991இல் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்த வழக்கின் களம், இதற்கிடையில் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூர் ஒரு மாவட்டத்திலும் அணைக்கட்டு வேறொன்றிலும் உள்ளன. மணலுக்கடியில் நகரும் நீருக்கு அவ்வெல்லைகள் இல்லை.